மாயூரம் வேதநாயகரின் கைக்கூலி மறுப்பும் கிறித்தவ நேர்மையும்

கிறித்தவ நேர்மை பெரும்பாலும் அகத்தூய்மை சார்ந்த அறமாகவே விளக்கப்படுகின்றது. விவிலியமோ அதனைப் பணமும் பதவியும் புழங்கும் இடத்தில் வைத்துப் பேசுகின்றது. லூக்கா நற்செய்தியில், தாங்கள் செய்யவேண்டியது யாதெனக் கேட்ட வரிதண்டுவோரைத் திருமுழுக்கு யோவான் தொழிலை விடுமாறு பணிக்கவில்லை. விதிக்கப்பட்டதற்கு மேல் தண்டவேண்டா என்கிறார். படைவீரர்க்கும் ஊதியத்தோடு அமைக என்பதே அவர் அறிவுரை.

இவ்வலுவல் அறத்தைத் தமிழில் அழுத்தமாக எழுதியவர்களுள் ஒருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கராகிய இவர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் முதலிய ஊர்களில் முனிசீப்பாகப் பணியாற்றினார். 1859இல் வெளிவந்த நீதிநூலில் கைக்கூலியைத் தனித் தலைப்பிட்டுக் கண்டிக்கின்றார்.

சொல்லாட்சி இங்குக் கருதத்தக்கது. சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய தமிழ் விவிலியத்தில் 'பரிதானம்' என்ற சொல் வழங்குகின்றது. 'தானம்' என்னும் ஒலி அதனுள் இருப்பதால் குற்றத்தின் மீது கொடையின் சாயல் படிந்துவிடுகின்றது. 'கைக்கூலி' அவ்வாறு மறைப்பதில்லை. அரசு தரும் கூலி ஒன்றிருக்க, கைக்குள் வரும் மற்றொரு கூலி அது. வாங்கியவர் எவர்க்கு வேலையாள் என்ற வினா சொல்லிலேயே உள்ளது. பிறர் ஏவலுக்கு ஆட்பட்டவரை இன்று அச்சொல்லால் சுட்டுவது இப்பொருளின் தொடர்ச்சி எனலாம்.

கையூட்டு வாங்காதிருப்பதோடு அவர் நேர்மை நின்றுவிடவில்லை. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். சட்டம் புரியாத வழக்காடி இடைத்தரகரைச் சார்ந்தே நிற்கவேண்டும். கைக்கூலி வளர்வதும் அங்கேதான். பிரதாப முதலியார் சரித்திரத்தில் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிடுவதை அவர் எள்ளுவதையும் இதனோடு சேர்த்தே வாசிக்கவேண்டும்.

தேவமாதா அந்தாதி முதலிய பக்தி நூல்களையே அவருடைய கிறித்தவத்திற்குச் சான்றாகக் கொள்வது ஆய்வாளரிடையே எளிதில் நேர்வது. நீதிநூல் கிறித்தவப் பெயர் தாங்காமையால் பொதுஅற நூல் என ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. இப்பகுப்பு எனக்கு உடன்பாடன்று. அவர்முன் வழக்குரைக்க வந்தோருள் மிகப் பலர் வேற்றுச் சமயத்தார். அவர்களுள் எவரும் தம் நீதிபதியின் சமயத்தை அறிந்துகொள்ளத் தேவமாதா அந்தாதியைப் படித்திருக்க வேண்டியதில்லை. தீர்ப்புக்கு விலை கேட்கப்படாததையே கண்டிருப்பர்.