எலும்பை வளர்க்கும் புரதம்: லேப் குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்'னு போடுவது ஏன்?

தாது நீக்கிய எலும்புத் துண்டை விலங்குகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். தசைக்குள்ளேயே புது எலும்பு உருவானது! 1965-ல் வெளியான இந்த ஆய்வுதான் பி.எம்.பி புரதங்களுக்கு வழிகாட்டியது.

எலும்பிலிருந்து பிரித்தால் இது ரொம்பக் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். 1988-ல் இதற்கான மனித மரபணுக்கள் கண்டறியப்பட்டன. இப்போது அந்த மரபணுவை ஹாம்ஸ்டர் செல்களில் செலுத்தி, பி.எம்.பி-2 புரதத்தைத் தயாரிக்கிறார்கள். ஸ்டெம் செல்கள் எலும்பு செல்களாக மாறுவதை ஆராய லேப்களில் இது பயன்படுகிறது.

அப்போ நேரடியா சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமா? கூடாது. மருந்துத் தரத்தில் தயாரான பி.எம்.பி-2-வை, 2002-ல் கீழ் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதித்தது. அனுமதி இல்லாத கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது சிலருக்கு வீக்கமும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டதாக 2008-ல் எச்சரித்தது.

மருந்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு. லேப் குப்பியோ அந்தப் பரிசோதனைகளைக் கடந்து வந்ததே இல்லை.