குவளைச் சிகிச்சை

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து பறிக்கும் பெண்டிர், நாள்முழுதும் சரிவில் நின்று, நிறைந்த பையை முதுகிற் சுமந்து மேடேறுவர். இடுப்புவலியும் தோள்வலியும் அவர்க்குப் புதியன அல்ல. இத்தகைய வலிக்கு இந்நாளிற் பலர் நாடுவது 'கப்பிங்' எனப்படும் குவளைச் சிகிச்சை. அதன் இயல்பையும் பயனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இம்முறை பழமையானது. குருதி வாங்குதற்குக் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை என்பவற்றைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளுள் உறிஞ்சலும் குருதி வாங்கலும் உள. யூனானி மருத்துவர் இதனை ஹிஜாமா என்பர். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளிற் காணப்பட்ட வட்டக் கறைகள் உலகோர் கண்ணை இதன்பால் ஈர்த்தன.

கண்ணாடிக் குவளையுள் தீயைக் காட்டி, உடனே தோலின்மீது கவிழ்ப்பர். உள்ளிருக்கும் சூடான காற்று ஆறவே, அதன் அழுத்தம் குறைகின்றது. வெளிக்காற்றின் அழுத்தமோ குறையாது. ஆதலின் தோலும் தசையும் உள்ளே எழும்புகின்றன. தீயின்றிக் கைப்பம்பினாற் காற்றை வாங்குவதும் உண்டு. குவளை தானே இழுப்பதன்று, வெளிக்காற்றின் அழுத்தமே காரணம் என்பதற்கு நம் மலையே சான்று. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிற் காற்றழுத்தம் கடற்கரையினதில் முக்காற்பங்கே; எனவே அதே சூட்டில் வைத்த குவளை, சென்னையிற் கவ்வுமளவு உதகையிற் கவ்வாது.

குவளையை எடுத்தபின் தோன்றும் கறையைக் 'கெட்ட இரத்தம்' என்பாருளர். அது நஞ்சன்று, நுண்ணிய குழாய்கள் உடைந்து தோலடியிற் கசிந்த இரத்தமேயாம். கழுத்துவலி, முதுகுவலிகட்குச் சிறிது காலம் ஆறுதல் கிட்டுவதாகச் சில ஆய்வுகள் காட்டினும், அவை உறுதியானவை அல்ல. கீறிக் குருதி வாங்குங்கால் கருவி தூய்மையற்றதாயின் கொடிய நோய் தொற்றும். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது இதனை நாடலாகாது. வலியோடு கால் மரத்தலோ, காய்ச்சலோ, சிறுநீர் தடைப்படுதலோ கூடின், உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இனி, மறுநாளும் அதே சுமை முதுகிலேறுமாயின் முன்னாட் பெற்ற ஆறுதல் எத்துணை நேரம் நிற்கும்? வலியைக் குவளை ஒருபொழுது தணிக்கலாம். வலிக்கு ஏதுவான சுமையைக் குறைத்தலும், உழைப்பார்க்கு ஓய்வளித்தலுமே நிலைத்த மருந்தாம். வருந்திப் பாரஞ்சுமப்பார்க்கு இரங்குதல் கிறிஸ்து பெருமான் நமக்குக் காட்டிய நெறியன்றோ? காலைதோறும் தேநீர் பருகும் நாம் அம்முதுகுகளை மறவாதிருப்போமாக.