ரிங் தேய்ந்ததா, பிளாக்கே போனதா?

கடலூர் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் இஞ்சின் புகை கக்கத் தொடங்கினால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் வயது அல்ல, தேய்ந்தது எது என்பதுதான். ரிங், லைனர், பேரிங் என்றால் மாற்றிக்கொள்ளலாம். பிளாக்கே விரிசல் விட்டிருந்தால் அதற்கு மேல் செலவழிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் சந்தித்த இடம் அதே மாவட்டத்திலேயே இருக்கிறது: நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம். சோவியத் உதவியோடு கட்டப்பட்ட அதன் முதல் யூனிட் 1962 மே மாதம் ஓடத் தொடங்கியது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என 1970இல் 600 மெகாவாட் நிறைந்தது. அங்கே முதலில் பழுதுபார்த்தார்கள், பிறகு மாற்றினார்கள். பழுதுபார்த்தது சரி, மாற்றியதுதான் தாமதம்.

ஆயுள் நீட்டிப்புப் பணிக்கு மத்திய அரசு 1992 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. 1999 மார்ச்சில் பணி முடிந்து 15 ஆண்டு கூடியது. சுரங்கம், கட்டடம், மின்பாதை எல்லாம் கையில் இருக்கும்போது தேய்ந்ததை மட்டும் மாற்றுவது வீண்செலவு அல்ல. பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். எரிந்த சாம்பல் பாய்லர் குழாய்களை அரிக்கும். அரித்த குழாயை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைக்கலாம்; இங்கே ரிங் அதுதான். ஆனால் தடித்த நீராவிக் குழாய்களிலும் டர்பைன் ரோட்டரிலும், பல்லாண்டு வெப்பமும் அழுத்தமும் தாங்கிய எஃகு உள்ளுக்குள் தளர்ந்துகொண்டே வரும். அது பிளாக். அதைவிடப் பிடிவாதமானது பழைய வடிவமைப்பு. எத்தனை ஓவராயிலிங் செய்தாலும் 50 மெகாவாட் யூனிட், அதே நிலக்கரியில் 500 மெகாவாட் யூனிட் தரும் மின்சாரத்தைத் தராது. டீசல் குடிக்கும் பழைய படகு இஞ்சினின் கதையும் இதுவே.

1999உடன் 15ஐக் கூட்டினால் 2014. மாற்று நிலையத்துக்கு, அதாவது இரண்டு 500 மெகாவாட் யூனிட்டுகளுக்கு, அனுமதி கிடைத்ததோ 2011 ஜூனில். முதல் யூனிட் 2019 டிசம்பரில்தான் வந்தது. பழையது 2020 செப்டம்பரில்தான் முழுதாக நின்றது. எஞ்சிய ஆயுளைச் சோதித்துச் சோதித்து ஓட்டிய ஆண்டுகள் இடையில் உள்ளவை. தமிழகம் கடும் மின்வெட்டில் தவித்தபோது எப்படி நிறுத்துவது என்று கேட்பார்கள். நிறுத்தியிருக்க முடியாது, உண்மைதான். ஆனால் இயந்திரம் தெம்பாக இருந்ததால் ஓடியது என்று ஆகாதே. மாற்று தயாராக இல்லாததால் ஓடியது. முதலீடு கழிந்த பழைய நிலையத்தின் மின்சாரம் மலிவு, அது தமிழகத்துக்கு மட்டுமே வந்தது என்பது இன்னும் வலுவான வாதம். பழுதுபார்க்க அது நியாயம் சொல்லும். மாற்று வேலையைத் தள்ளிப்போடச் சொல்லாது.

மறுபக்கம், பழசு என்றாலே ஆபத்து, தூக்கிப் போடு என்பவர்களும் உண்டு. 2020 மே 7, ஜூலை 1 இரு நாளும் பாய்லர் விபத்தில் உயிர்கள் போனது வயதில் இளைய இரண்டாம் அனல் மின் நிலையத்தில். வயதை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. பராமரிப்பையும் பார்க்க வேண்டும். படகுக்காரருக்கு இன்னொரு நெருக்கடி: மின் நிலையம் நின்றால் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கலாம், நடுக்கடலில் இஞ்சின் நின்றால் வாங்க ஆளில்லை. ஆகவே அவர் இன்னும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். இரண்டாம் நிலையத்தில் 210 மெகாவாட்டில் ஏழு யூனிட்டுகள் உள்ளன. மூத்தவை 1980களில் ஓடத் தொடங்கியவை, இப்போது நாற்பதை ஒட்டி நிற்கின்றன. அவற்றின் ஆயுள் நீட்டிப்புக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடும் அதே காகிதத்தில், புதிய யூனிட்டுக்கு அஸ்திவாரம் எந்த வருஷம் என்றும் எழுதியிருக்க வேண்டும்.