ரொட்டி மேசையில் குவியும் ஆர்டர்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் காலையில் பசியாறப் போகிறவர்களுக்கு ரொட்டி சானாய் மேசையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை மாஸ்டர் எடுக்கிறார், தட்டுகிறார், வீசுகிறார், காகிதம்போல் மெலிந்ததும் மடிக்கிறார். மடிப்பு சரியாக விழுந்தால்தான் ரொட்டி அடுக்கடுக்காக வேகும். மடிப்பு பிசகினால் அதே மாவு கல்லில் வெறும் கட்டியாகக் கிடக்கும்.

நம் உடலின் புரதங்களுக்கும் மடிப்புதான் உயிர். அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட இழையாகப் பிறக்கும் புரதம், தனக்குரிய வடிவில் மடிந்த பிறகே வேலைக்கு ஆகும். செல்லை விட்டு வெளியே போகவேண்டிய புரதங்களுக்கென்று செல்லுக்குள் ஒரு மடிக்கும் மேசை உண்டு. எண்டோபிளாச வலை என்று பெயர். கணையத்தின் பீட்டா செல்லில் இந்த மேசைக்கு ஓய்வு மிகக் குறைவு. இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலினில் 86 அமினோ அமிலங்கள். அவற்றில் ஆறு சிஸ்டீன்களை மூன்று சோடியாக, சோடி மாறாமல் இணைக்கவேண்டும். சாப்பிட்டு ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது ஒரே ஒரு பீட்டா செல் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் புரோஇன்சுலினைத் தயாரிக்கிறது. எந்த மாஸ்டருக்கும் வராத வேகம் இது.

அந்த வேகத்தில் சில பிசகத்தான் செய்யும். பிப் என்ற உதவியாள் புரதம் மடியாத இழைகளைப் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்து, மறுபடி மடிய வாய்ப்புத் தருகிறது. அப்படியும் தேறாதவை வெளியே தள்ளப்பட்டு, புரோட்டியசோம் என்னும் கழிவுத்தொட்டியில் துண்டுதுண்டாக்கப்படுகின்றன.

கூட்டம் முட்டும்போதுதான் கதையே. மேசையோரம் மூன்று கண்காணிப்பாளர்கள் இருக்கிறார்கள். வேலை சீராக நடக்கும்வரை பிப் அவர்களைப் பிடித்து உட்காரவைத்திருக்கும். மடியாத மாவு தேங்கினால் பிப் அங்கே ஓடிவிடும்; இவர்கள் எழுந்துகொள்வார்கள். பெர்க் என்பவர் புது ஆர்டர் எடுப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுவார். ஐஆர்ஈ-1 ஒரு கட்டளைச் சீட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பார். அந்தத் திருத்தத்தால் கூடுதல் ஆள்களும் அகலமான மேசையும் வரும். ஏடிஎஃப்-6 தன்னில் ஒரு பகுதி அறுபட்டு, அந்தப் பகுதி உட்கருவுக்கே போய் மேலும் உதவியாள்களைக் கேட்கும். ஐஆர்ஈ-1இன் பங்கை 1993இல் ஈஸ்ட் செல்களில் கசுதோஷி மோரி இருந்த குழுவும் பீட்டர் வால்டரின் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. இருவருக்கும் 2014இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

மூவரில் பெர்க்கைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். பெர்க் வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தைகள் உலகில் மிகச் சிலர் உண்டு. வோல்காட்–ராலிசன் நோய் என்பார்கள். அவர்களுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. ஆர்டரை நிறுத்த ஆளில்லாத மேசையில் பீட்டா செல் தாங்குவதில்லை.

கூட்டம் அரைமணியில் குறைந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். குறையாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அதே கண்காணிப்பாளர்கள் வேறு முடிவுக்குப் போகிறார்கள். சாப் என்ற புரதம் கூடி, செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. வயிற்றில் கொழுப்பு சேர்ந்து உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது நடப்பது இதுதான்: ஆர்டர் கூடுகிறது, சில செல்கள் சாகின்றன, அவற்றின் பங்கும் மீதமுள்ளவற்றின் தலையில் விழுகிறது. நீரிழிவுக்கு இது ஒன்றே காரணமில்லை. மரபும் உண்டு, வேறு வழிகளும் உண்டு. ஆனால் இந்தக் களைப்பு அதன் நடுவில் இருக்கிறது.

மடிப்புப் பிசகு கணையத்தோடு நிற்பதில்லை. அல்சைமர், பார்க்கின்சன் நோய்களில் மூளையில் தேங்குவதும் மடிப்புப் பிசகிய புரதங்களே. பிசகிய புரதம் தேங்கினால் செல் தாங்காது என்ற இதே பலவீனம் ஒரு மருந்துக்கும் வழியாகியிருக்கிறது. மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோயின் செல்கள் ஓயாமல் எதிர்ப்புரதம் தயாரிப்பவை. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசொமிப் அவற்றின் கழிவுத்தொட்டியை அடைத்துவிடுகிறது; தங்கள் குப்பையிலேயே அவை மூழ்குகின்றன.

நம் வீட்டுக்கு வருவோம். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு. அப்போது நீரிழிவு இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வொன்று, நோய் கண்டறியப்படும் நாளிலேயே பீட்டா செல்களின் திறனில் பாதி போயிருக்கும் என்று 1995இல் காட்டியது. தெரியாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் மேசை தனியாகத் திணறுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் நான் கேட்டுச் சலித்த வார்த்தை ஒன்று உண்டு: "ஊசி போட ஆரம்பிச்சா அவ்வளவுதான், கடைசிக் கட்டம்." இது தவறு. இன்சுலின் ஊசி என்பது கூட்ட நேரத்தில் வெளியிலிருந்து ரொட்டி வரவழைப்பது. மாஸ்டரின் கைக்கு அதனால் ஓய்வு. புதிதாக நோய் கண்டவர்களுக்குச் சில வாரங்கள் மட்டும் இன்சுலின் கொடுத்துப் பார்த்த சீன ஆய்வு 2008இல் வெளியானது. ஓராண்டு கழித்து அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மருந்தில்லாமலே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். மாத்திரையில் தொடங்கியவர்களில் கால்வாசிக்குச் சற்று மேல்தான். உடல் எடையைக் குறைப்பதும் ஓய்வுதான்: பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வில் 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் நீரிழிவு பின்வாங்கியது. களைத்த செல்கள் எல்லாமே செத்த செல்கள் அல்ல.

ஆகவே தே தாரிக் கேட்கும்போது "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சேர்த்துச் சொல்லுங்கள். முப்பது வயதைக் கடந்தவரென்றால், உடல் ஒல்லியாக இருந்தாலும், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் ஒருமுறை ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். டாக்டர் ஊசியைப் பற்றிப் பேசினால் எழுந்து வந்துவிடாமல், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று உட்கார்ந்து கேளுங்கள்.