சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்

எங்கள் கிணற்று மோட்டாருக்கு முறை வைத்துக் கரண்ட் விட்ட காலம் ஒன்று உண்டு. ஒரு வாரம் பகலில் வரும், அடுத்த வாரம் ராத்திரியில் வரும். ராத்திரி முறை என்றால் அப்பா பதினொரு மணிக்கு டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வரப்பில் இறங்குவார். பாம்புக்குப் பயந்து மண்வெட்டிக் காம்பால் தரையைத் தட்டித் தட்டித்தான் நடப்பார். மோட்டார் ரூம் சுவரில் மூன்று குண்டு பல்புகள் வரிசையாக இருக்கும். மூன்று பேஸும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவை. மூன்றும் எரிந்தால் மட்டும் போதாது, எப்படி எரிகின்றன என்றும் பார்ப்பார். பளிச்சென்று எரிந்தால் ஸ்டார்ட்டரை அமுக்குவார். மஞ்சளடித்து அழுது வடிந்தால் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிவிடுவார். லோ வோல்டேஜில் ஓட்டிக் காயில் கருகினால், அதைக் கட்டி வாங்கி வர மூன்று நாளாகும். அந்த மூன்று நாளும் பயிர் காயும்.

நாட்டில் மின்சாரம் போதவில்லை, அதனால்தான் இந்தப் பாடு என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. 2012 கடைசியில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கும் மேல் கரண்ட் இல்லை. கோவையில் சின்னப் பட்டறைகள் மூடிக் கிடந்தன. அன்றைக்கு வடக்கே இருந்து வாங்கவும் வழி குறைவு. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

இன்று நிலைமை வேறு. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்சாரமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதையும் சமாளித்தார்கள். இப்போதைய தட்டுப்பாடு மின்சாரத்தைவிட நேரத்தில்தான் இருக்கிறது.

வெயில் பன்னிரண்டு மணிக்குக் கொட்டுகிறது. நாம் விளக்குப் போடுவது ஆறரைக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளும்போது காற்றாலைகள் பகலென்றும் இரவென்றும் பாராமல் சுற்றும். ஐப்பசியில் அதே இறக்கைகள் அசையாமல் நிற்கும். மின்சாரத்தை நெல்லைப்போலக் குதிரில் கொட்டிவைக்க முடியாது. உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்சில் நிற்கும். கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். அதனால்தான் நல்ல காற்று வீசும் நாளிலேயே சில காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் கொடுமையும் நடக்கிறது. மின் சந்தையில் மதியம் யூனிட் இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கிற நாளிலேயே, இருட்டிய பிறகு அது 10 ரூபாய் உச்சவரம்பில் போய் முட்டும். ஏற்கெனவே ஒரு லட்சம் கோடிக்கு மேல் கடன் வைத்திருக்கும் மின்வாரியம் அந்த விலைக்கும் வாங்கியாக வேண்டியிருக்கிறது. உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளிடம் காலையும் மாலையும் நெருக்கடி நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் வாங்குவது இந்தச் சுமையைக் கொஞ்சமாவது நகர்த்தத்தான்.

இதற்கு ஒரு பழைய விடை ஆனைமலையில் இருக்கிறது. காடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட், 1980களின் கடைசியில் வந்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மலைமேல் காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை எகிறும் நேரத்தில் அதே தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். மலைக்குள் குடைந்த மின்நிலையத்தில் அதே இயந்திரங்கள் ஒரு நேரம் பம்பாகவும் ஒரு நேரம் டர்பைனாகவும் சுற்றுகின்றன. ஏற்றுவதற்கு நான்கு யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய மூன்று யூனிட் திரும்பி வரும். நஷ்டம்போலத் தெரியும். மதிய விலையையும் மாலை விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நஷ்டம் எங்கே என்று தெரியும். அதன் பிறகு இன்னொன்று கட்ட நமக்கு ஏன் இத்தனை காலமாயிற்று என்பதுதான் என் ஆதங்கம். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்தின் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சூரிய மின்சாரத்தை அந்த வேகத்தில் சேர்த்தவர்கள், அதைத் தேக்கும் வழியையும் அதே வேகத்தில் சேர்த்திருக்க வேண்டாமா?

அணை கட்டாமலேயே காடம்பாறைக்கு ஈடாக ஒன்றைச் செய்ய முடியும். அண்ணாந்து பார்த்தால் தெரியும், நம் வீட்டு ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிறது. பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். ஒரு கோடி ஃபேன்கள் ஒரே நேரத்தில் சுற்றினால் 450 மெகாவாட். காடம்பாறையைவிட அதிகம், அதுவும் சரியாக நமக்குத் தேவைப்படுகிற அந்தச் சாயங்கால நேரத்தில். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகள் மட்டும் இரண்டு கோடிக்கு மேல் இருக்கின்றன. இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரவு எட்டு மணிக்கு ஃபேன் ஓடாத வீடு எது?

வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதப் பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். மூன்று ஃபேனுக்கு 96, அரசு 2016 முதல் இலவசமாகத் தருகிற 100 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் அந்த 100 யூனிட்டுக்குள் முடங்கிவிடுகிற ஏழை வீட்டுக்கு பில்லே வருவதில்லை. ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அவர்கள் ஏன் புது ஃபேன் வாங்க வேண்டும்? அங்கே மிச்சமாகிற பணம் மின்வாரியத்தின் பணம். ஆகவே ஃபேனை வாங்கி மாட்டிவிட வேண்டியதும் வாரியம்தான், அரசுதான். 2011இல் வீடு வீடாக மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்த மாநிலம் இது. நமக்குத் தெரியாத வேலை இல்லை. 300 ரூபாய்க்கு மேல் விலை வைத்திருந்த எல்.இ.டி. பல்பை, மொத்தமாக வாங்கியே 2016இல் 40 ரூபாய்க்குக் கீழே கொண்டுவந்ததும் இதே நாட்டில்தான். ஃபேனுக்கு மட்டும் அந்த வழி அடைத்துக்கொண்டதா என்ன?

கிணற்று மோட்டாருக்கு வருகிறேன். விவசாயத்துக்கு இலவச மின்சாரத்தை நிறுத்து என்று சொல்கிறவன் நானல்ல. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த அந்தச் சலுகை எங்கள் வீட்டிலும் சோறு போட்டது. ஆனால் பல இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், கிணற்றில் செலவானது எவ்வளவு, வழியில் கம்பியில் வீணானது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. வீணாவது கொஞ்சநஞ்சமும் அல்ல. டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்தக் கம்பி வயல் வயலாகப் போய்க் கடைசிக் கம்பத்தைத் தொடும்போது வோல்டேஜ் விழுந்திருக்கும். அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் ஒன்றரை மடங்கானால் கம்பியில் சூடாகி வீணாவது இரண்டேகால் மடங்காகும். அந்த இழுப்பில் வோல்டேஜ் இன்னும் விழும். 11,000 வோல்ட் கம்பியையே வயல் ஓரம் வரை கொண்டுவந்து, நாலைந்து மோட்டாருக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்தால் இந்த இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். அங்கங்கே செய்திருக்கிறார்கள். செய்த இடத்தில் காயில் கருகுவதும் குறைந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. மாநிலத்தின் பெரிய மின் சுமைகளில் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதது கிணற்று மோட்டார். விளக்கை மதியம் போட முடியாது, ராத்திரிப் புழுக்கத்துக்கு ஃபேனை மதியம் ஓட்டிவைக்க முடியாது. தண்ணீரை எப்போது இறைத்தாலும் தண்ணீர்தான். விவசாய லைனைத் தனியாகப் பிரித்து, வெயில் கொட்டுகிற பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை முழு வோல்டேஜில் மும்முனை மின்சாரத்தைத் தவறாமல் விட்டால், மதியம் மிஞ்சுவது வயலுக்குப் போகும். சாயங்கால நெருக்கடியில் மோட்டார்கள் இருக்காது. ராத்திரி வரப்பில் யாரும் பாம்பை மிதிக்க வேண்டியும் இருக்காது.

சென்ற கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது பகல் பதினொன்றரைக்கு எங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தொட்டியோரம் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு அந்தப் பக்கம் இன்னும் நான்கு கம்பம் தள்ளிக் கடைசியாக ஒரு கிணறு இருக்கிறது. அதன் சொந்தக்காரர் வந்து, "உங்களுக்கு பல்பு எப்படிண்ணே எரியுது?" என்று கேட்டார். நல்லாத்தான் எரியுது என்றார் அப்பா. அவர் தலையை ஆட்டிவிட்டு, ஸ்டார்ட்டரைத் தொடாமலே வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.