ஜப்பானியப் பள்ளியில் நம்மவர்

பெங்களூர் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு வேற்று மொழியினரோடு கலந்து பழகுதல் புதிதன்று. தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம் என மூன்றையும் ஒரே நாளில் ஆள்பவர் நம் பிள்ளைகள். அத்தகையோரும் ஜப்பானுக்கு ஆசிரியப் பணி ஏற்றுச் சென்றால், நாள்தோறும் நேரும் சிறு செயல்களில் திகைத்து நிற்கக் காண்கிறோம். 1987-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தின் வழியே அயல்நாட்டு இளைஞர் பலர் அங்குள்ள பள்ளிகளில் துணையாசிரியராய் அமர்த்தப்படுகின்றனர். தனியார் வழியாகச் செல்வோரும் உளர். யாமும் அங்கே ஓர் ஊரின் நடுநிலைப் பள்ளியில் சில காலம் ஆங்கிலம் கற்பித்தோம். செல்ல எண்ணும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதிச் சிலவற்றை எழுதுகிறோம்.

முதலில் பெயர். ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னும் இட்ட பெயரைப் பின்னும் எழுதுவர். பள்ளியில் அழைப்பது குடும்பப் பெயராலேயே. நமக்கோ தலைப்பெழுத்தாக நிற்பது தந்தையின் பெயர். கடவுச்சீட்டில் அது விரிந்து நிற்கவே, பள்ளி அலுவலகம் அதனையே எம் குடும்பப் பெயராகக் கொண்டது. எனவே எம் தந்தையாரின் பெயரோடு ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்' என்னும் சொல்லைச் சேர்த்து மாணவர் நாள் முழுதும் எம்மை அழைத்தனர். பெரியவர் பெயரைச் சொல்லவும் கூசி வளர்ந்த எமக்கு அது பழகச் சில திங்கள் ஆயின. தந்தையாருக்கு இதனை எழுதியபோது அவர் மகிழ்ந்தார் என்றே நினைக்கிறோம்.

அடுத்து, 'ஹாய்' என்னும் சொல். ஆம் என்பது அதன் பொருள் என நூல்கள் கூறும். உண்மையில் அது பல வேளைகளில் நாம் கதை கேட்கையில் 'உம்' கொட்டுவது போன்றது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் இசைவு தேடலாகாது. நம் தலையசைப்போ அவர்களுக்கு மறுப்பாகத் தோன்றும். சரியான விடை சொன்ன மாணவன், எம் தலை பக்கவாட்டில் ஆடக் கண்டு வாடி அமர்ந்துவிடுவான்!

இனி, துடைப்பம். பெரும்பாலான ஜப்பானியப் பள்ளிகளில் நாள்தோறும் கால் மணி நேரமேனும் மாணவரே பள்ளியைத் துப்புரவு செய்கின்றனர். ஒலிபெருக்கியில் இசை எழும்பும். குழு குழுவாகப் பிரிந்து, மேசைகளை நகர்த்திக் கூட்டி, ஈரத்துணியை இரு கையாலும் தரையில் அழுத்தியவாறு தாழ்வாரத்தில் ஓடுவர். பல பள்ளிகளில் கழிப்பறையும் இதில் அடங்கும். மருத்துவர் மகனும் மீன்கடைக்காரர் மகளும் முறை வைத்து அதே தொட்டியைத் தேய்ப்பர். ஆசிரியரும் துணியோடு உடன் நிற்பார். யாமும் நின்றோம்.

ஒரு நாள் மாணவி ஒருத்தி, "உங்கள் நாட்டில் பள்ளியைத் துப்புரவு செய்பவர் யார்?" என்று வினவினாள். அதற்கென ஓர் அம்மையார் வருவார் என்றோம். "அவருடைய பிள்ளைகளும் அப்பள்ளியில்தான் படிக்கிறார்களா?" என்றாள். அவ்வினாவில் குத்தல் ஏதுமில்லை. எமக்குத்தான் விடை கூறத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் கழிவகற்றியதுண்டு. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை தூய்மை செய்யப் பணித்த தலைமையாசிரியை கைதானார். 2023 டிசம்பரில், பெங்களூருக்கு அண்மையிலுள்ள மாலூர் வட்டத்தில், உறைவிடப் பள்ளி ஒன்றின் கழிவுத்தொட்டியில் தலித் மாணவர் இறக்கப்பட்டனர். அப்பள்ளி முதல்வரும் ஆசிரியர் ஒருவரும் கைது செய்யப்பட்டனர். அங்கே துடைப்பம் எல்லார் கைக்கும் முறை வைத்து வருகிறது. இங்கே அது யார் கைக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பிறப்பு முன்னரே முடிவு செய்துவிடுகிறது. ஆதலின், ஜப்பானிய முறையை நம் பள்ளிகளிலும் புகுத்துக என்று மேடையில் முழங்குவோர், முதல் நாள் துடைப்பத்தை யாரிடம் கொடுப்பார்கள் என்பதையும் கூறிவிட வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். அங்கே 1954-இல் பள்ளி உணவுக்கெனச் சட்டம் இயற்றினர். காமராசர் ஆட்சியில் நம் மதிய உணவுத் திட்டம் எழுந்ததும் அதே பத்தாண்டில்தான். வெள்ளை மேலாடையும் தொப்பியும் அணிந்த மாணவரே பரிமாறுவர். ஆசிரியர் அவர்களோடு அமர்ந்து அதே உணவை உண்பார். மரக்கறி உண்போர் முன்னரே அறிவித்துவிடுதல் நலம். காய்கறிச் சாற்றிலும் மீன் வடித்த நீர் கலந்திருக்கும்.

விடுமுறையில் ஊர் வந்து திரும்புவோர், ஆசிரியர் அறையில் உள்ள ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தின்பண்டம் கொண்டு செல்லுதல் அங்குள்ள வழக்கம். மைசூர்ப்பாகு கெடாமல் இருக்கும். துண்டு துண்டாகத் தாளில் பொதிந்து கொள்க. எண்ணும்போது அலுவலக எழுத்தரையும், கட்டடம் பேணும் பணியாளரையும் விட்டுவிடாதீர்.