சொல்லும் சிகிச்சையும்: தமிழகத் திருநங்கையர், திருநம்பியர் உடல்நலம்

ஒருவரை எச்சொல்லால் சுட்டுவது என்பது மொழியாசிரியர்க்கு மட்டும் உரிய வினா அன்று. மருத்துவமனைப் பதிவு முகப்பிலும் அது எழுகிறது. ஆண், பெண் என்னும் இரு கட்டங்களே உள்ள சீட்டில் தம்மை எங்கே குறிப்பது என்று தயங்குபவர், சிகிச்சை பெறாமலே திரும்புவதும் உண்டு. ஆகவே, தமிழகத் திருநங்கையர், திருநம்பியர் உடல்நலம் பற்றிய இக்கட்டுரையை நாம் சொல்லிலிருந்தே தொடங்குகிறோம்.

தொல்காப்பியக் கிளவியாக்கம், உரையாசிரியர் கொள்ளும் பொருள்படி, பேடியை உயர்திணையுள்ளேயே வைக்கிறது. தனி ஈறு இன்மையால் உயர்திணைப் பால் ஈறுகளையே கொள்ளும் என்கிறது. வகுப்பறையில் இந்நூற்பாவை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். எனினும் இவர்களை 'அது' என்று அஃறிணைப்படுத்தும் வழக்கிற்கு இலக்கணத்தில் இடமில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 2008 ஏப்ரல் 15இல் தமிழக அரசு நிறுவிய நலவாரியம் 'அரவாணிகள்' என்னும் பெயரையே தாங்கியது. கூவாகத்து அரவான் வழிபாட்டையொட்டிய அப்பெயர் பின்னர் 'திருநங்கை' என்பதற்கு வழிவிட்டது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, 2022இல் அரசு ஒரு கலைச்சொல் பட்டியலையே வெளியிட்டது.

சொல் மாறிய அளவிற்குச் சிகிச்சை மாறியதா? அரசு மருத்துவமனைகளில் பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க முன்வந்த வகையில் தமிழகம் இந்தியாவிற்கு முன்னோடி எனலாம். அதற்கு முன்பு பலர் நாடியது மருத்துவப் பயிற்சி அற்றோர் செய்த உறுப்பு நீக்கத்தையே. மிகுந்த குருதிப்போக்கு, நோய்த்தொற்று, பின்னாளில் சிறுநீர்ப்பாதைச் சுருக்கம் ஆகியன அதன் விளைவுகள்.

ஆயினும் அறுவைச் சிகிச்சை ஒன்றே இவர்தம் உடல்நலம் ஆகிவிடாது. நெடுங்காலமாக இவர்களைப் பற்றிய மருத்துவப் பேச்சு எய்ட்ஸ் தடுப்பு என்னும் ஒரே வட்டத்திற்குள் அடங்கிக் கிடந்தது. அன்றாடத் தேவையோ வேறு. மருத்துவரை அணுக அஞ்சிக் கருத்தடை மாத்திரைகளைத் தாமே வாங்கி உட்கொள்ளும் திருநங்கையர் உளர். அம்மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன் வகை குருதி உறையும் இடரை மிகுவிக்கும். புகைப்பழக்கம் உடன்சேரின் இடர் மேலும் பெருகும். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பியர்க்குச் சிவப்பணுச் செறிவு உயரக்கூடும். உரிய இடைவெளியில் குருதிப் பரிசோதனை செய்தால் இவற்றை முன்னரே அறியலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரும் திருநங்கைக்குப் புரோஸ்டேட் சுரப்பி இருக்கும். கருப்பை அகற்றப்படாத திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. பதிவேட்டில் 'ஆண்' என்றிருப்பவர் மகளிர் மருத்துவப் பிரிவின் வரிசையில் நிற்பது எவ்வாறு? பலரும் நிற்பதில்லை. திருநங்கையர் பற்றிப் பேசப்பட்ட அளவிற்குத் திருநம்பியர் பற்றிப் பேசப்படாமையின் விளைவு இது என்றே நாம் கருதுகிறோம்.

மருத்துவத் துறையின் நோக்கும் மாறியுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, பாலின முரண்பாட்டை மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கிப் பாலியல் நலப் பகுதியில் வைத்தது. 2021 சூன் 7இல் சென்னை உயர்நீதிமன்றம் 'மாற்றுச் சிகிச்சை' என்ற பெயரிலான வற்புறுத்தல்களைத் தடைசெய்யப் பணித்தது. 2019இலேயே அதன் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பையொட்டி, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலினத்தை வரையறுக்கும் அறுவைச் சிகிச்சை செய்வதைத் தமிழக அரசு தடுத்தது. அவ்வாண்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 15ஆம் பிரிவு, மருத்துவப் பாடத்திட்டத்தை மீளாய்வு செய்யுமாறும் கூறிற்று.

தமிழாசிரியர் துணைபுரிய வேண்டிய இடம் இங்கேதான் உள்ளது. சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் நோயாளி அறிந்த மொழியில் அமைந்தாலன்றி, அதிலிடும் கையொப்பம் ஒப்புதல் ஆகாது. இயக்குநீர், கருவுறுதிறன் இழப்பு, மீளாத விளைவு போன்றவற்றைப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவரும் விளங்கிக்கொள்ளும் தமிழில் எழுதுவது எளிய பணியன்று. மருத்துவரும் மொழியறிஞரும் அச்சமூகத்தாரும் ஒருங்கே அமர்ந்து செய்யவேண்டியது அது.